எங்கள் கோச்சுக்காகக் கை கொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள சொந்தங்களே, நண்பர்களே,

நேற்று மாலை சேதி வந்துவிட்டது. கல்லூரியில் மல்யுத்த அணி தொடரும், கோச்சும் தொடர்கிறார். வாட்ஸ்அப்பில் உங்களில் பலருக்கு இதற்குள் தெரிந்திருக்கும். அணியைக் கலைக்கப் போவதாகவும் கோச்சுக்கு வேலை இல்லை என்றும் கல்லூரி அறிவித்ததிலிருந்து நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும், மறுபடி கிளற மனமில்லை. இன்னும் படபடப்பு அடங்கவில்லை, ஆனாலும் நன்றியை ஆறப்போடக் கூடாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

பணம் அனுப்பியவர்கள், கல்லூரிக்குக் கடிதம் எழுதிய பழைய மாணவர்கள், குளிரில் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கிய பெற்றோர்கள், அமெரிக்காவில் எங்கள் அயோவா மாநிலத்தின் தலைநகரான டெ மாயினிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து கூட்டத்தில் உட்கார்ந்த தமிழ்க் குடும்பங்கள், "குஸ்திக்கா இவ்வளவு பாடு?" என்று போனில் கேட்டுவிட்டு மறுநாளே பணம் போட்டுவிட்ட என் சித்தப்பா, எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு. பேர் பேராகச் சொல்லப் போனால் யாரையாவது விட்டுவிடுவேன்.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். இதுவரை யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை.

அறிவிப்பு வந்த மறுநாள் மகனுடைய சாமான்களை எடுத்து வரப் போயிருந்தேன். கோச்சிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று மாடிக்குப் போனால், அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே போனில் பேசிக்கொண்டிருந்தார். மேசையில் ஒரு மஞ்சள் நோட்டு. அதில் பையன்களின் பெயர்கள், பக்கத்தில் ஒவ்வொருவரின் எடைப் பிரிவு, என்ன படிக்கிறான் என்ற குறிப்பு. மற்றக் கல்லூரிகளின் கோச்சுகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, தன் பிள்ளைகளுக்கு இடம் கேட்டுக்கொண்டிருந்தார். முந்தின நாள்தான் அவர் வேலையும் போயிருந்தது. தனக்காக யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போது அவர் பேசிக்கொண்டிருந்தது என் மகனைப் பற்றி. பெயரை ஓர் எழுத்து பிசகாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். "இன்னும் ஒரு போட்டியில்கூட இறங்கவில்லை. தோள்பட்டை ஆபரேஷன் ஆகி ஒரு வருஷம் வெளியில் உட்கார்ந்திருந்தான். அந்த வருஷம் முழுக்கப் பயிற்சிக்கு வந்து மற்றவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான். உன் 141 பவுண்டு எடைப் பிரிவுப் பையனுக்குப் பயிற்சி ஜோடியாக இவனைவிட நல்லவன் கிடைக்க மாட்டான். பயாலஜி படிக்கிறான், அதுவும் கெடக் கூடாது, பார்த்துக்கொள்." அந்தப் பட்டியலில் என் மகன் பெயர்தான் முதலில் இருந்தது. பிறகு ஒருநாள் ஏன் என்று கேட்டேன். ஜெயிக்கிற பையன்களை எல்லோரும் தேடி வந்து கூட்டிப் போவார்கள், இவனுக்குத்தான் நான் கேட்டாக வேண்டும் என்றார்.

அன்றைக்கு உள்ளே போக எனக்குத் தைரியம் வரவில்லை. வராந்தாவிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

போனின் மறுமுனையில் இருந்தவர் யார் தெரியுமா? நாங்கள் வருஷா வருஷம் முட்டி மோதுகிற கல்லூரியின் கோச். பையன்களை எடுத்துக்கொள்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் உன் அணியைக் காப்பாற்ற முடியுமா பார்ப்போம் என்றாராம். சொன்னதோடு நிற்கவில்லை, தன் அணி முழுவதையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஜிம்முக்கே வந்து ஒரு காட்சிப் போட்டி நடத்தினார். அன்றைய டிக்கெட் பணத்திலிருந்துதான் நம் நிதி தொடங்கியது. இப்படி எதிராளிகள் சேர்ந்து நின்றது முன்பும் உண்டு. 2013 பிப்ரவரியில் ஒலிம்பிக்கிலிருந்து மல்யுத்தத்தை நீக்கப் பார்த்தபோது, அந்த மே மாதம் நியூயார்க் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் அமெரிக்க, ரஷ்ய, ஈரானிய வீரர்கள் சேர்ந்து வந்து மோதிக் காட்டினார்கள். அந்த செப்டம்பரில் மல்யுத்தம் திரும்பவும் உள்ளே வந்தது. 'மேட்' என்கிற மல்யுத்த விரிப்பில் விரோதி, வெளியில் ஒரே குடும்பம் என்று மல்யுத்தக்காரர்கள் சொல்வதை அப்போதெல்லாம் பேச்சுக்குச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

அயோவாவில் மல்யுத்தம் என்றால் அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு மாதிரி. இங்கே கோச் என்றதும் எல்லோரும் சொல்வது டான் கேபிளைத்தான். 1976 முதல் 1997 வரை அயோவா பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளராக இருந்து 15 தேசியப் பட்டங்களை வாங்கிக் கொடுத்தவர். அரங்கத்துக்கு வெளியே அவருக்குச் சிலையே இருக்கிறது. எங்கள் கோச்சுக்கு அப்படிப் பட்டங்கள் இல்லை. எங்களுடையது கல்லூரி விளையாட்டுப் பிரிவுகளில் மூன்றாம் டிவிஷனில் இருக்கிற கல்லூரி, விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. இங்கே தலைமைப் பயிற்சியாளர் என்றால் பையன்களைத் தேடிப் பிடிப்பது, வேன் ஓட்டுவது, படர்தாமரை பரவாமல் இருக்க மருந்து ஊற்றி மேட் துடைப்பது எல்லாம் அவர் தலையில்தான்.

எடை விஷயத்தில் அவர் மாதிரி கண்டிப்பானவரை நான் பார்த்ததில்லை. 1997 கடைசியில், ஒரு மாதத்துச் சொச்சத்தில், எடை குறைக்கப் போய் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்துபோனார்கள். அப்புறம்தான் வியர்க்க வைத்து எடை இறக்குகிற ரப்பர் உடையும் சானா என்கிற வெப்ப அறையும் தடைசெய்யப்பட்டன, போட்டிக்குக் கொஞ்ச நேரம் முன்னால்தான் எடை பார்ப்பது என்றும் ஆனது. அப்போது எங்கள் கோச் இளம் உதவிப் பயிற்சியாளர். என் மகன் 133 பவுண்டுக்கு இறங்குகிறேன் என்று அடம் பிடித்தபோது, "உங்க அம்மா போடுற சாப்பாட்டை ஒழுங்காச் சாப்பிடு, 141-லேயே இரு" என்று முடித்துவிட்டார். பிள்ளையைத் தூரத்தில் விட்டுவிட்டு இரவில் நான் தூங்க முடிந்தது இந்த மனுஷனை நம்பித்தான்.

சரி, இனி ஆக வேண்டியது. நவம்பரில் சீசன் தொடங்குகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், விதிகளை நான் சொல்லித் தருகிறேன். உள்ளூர்ப் போட்டி ஒவ்வொன்றிலும் ஸ்கோர் மேசையில் நான் இருப்பேன். மகன் படித்து முடித்துப் போன பிறகும், கோச் ஓய்வு பெறும் வரைக்கும் இருப்பேன். மேட் துடைக்கிற வேலையை மட்டும் தர மாட்டேன் என்கிறார். அதையும் கேட்டு வாங்கிவிடுவேன்.

மனம் நிறைந்த நன்றியுடன்,
ஒரு மல்யுத்த வீரனின் அம்மா