பொம்மை வீட்டுக்குப் புது பெயின்ட் எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

பொம்மை வீடுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை, பழையதற்குப் புது பெயின்ட் அடிக்கச் சொன்ன யோசனை தவிர, ரசித்துப் படித்தேன். இங்கிலாந்து ராணி மேரிக்காகக் கட்டடக் கலைஞர் எட்வின் லுட்யென்ஸ் வடிவமைத்து 1924இல் முடிந்த பொம்மை வீட்டில் விளக்கு எரியும், குழாயில் தண்ணீர் வரும். வாய் பிளக்கலாம், சரி. ஆனால் அதில் யாரும் வாழ்ந்த அடையாளம் இல்லையே.

எங்கள் அப்பா செய்த வீடு வேறு ரகம். நாங்கள் குடியிருந்த வீட்டையே அளந்து, அடிக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் பிளைவுட்டில் அறுத்து ஒட்டினார். மாடிப்படியில் ஒரு படி மட்டும் உயரம் கூடுதல். அப்பாவுக்குக் கை தவறிவிட்டது என்றே வெகுநாள் நினைத்திருந்தேன். நிஜ வீட்டில் எல்லாரும் இடறிய படி அதுதான் என்று அக்கா சொன்னபோதுதான் உறைத்தது. தம்பி பிறந்ததும் அவள் தீப்பெட்டியில் தொட்டில் செய்து உள்ளே வைத்தாள். முழங்கால் வலியால் பாட்டியின் கட்டில் கீழே வந்தபோது பொம்மைக் கட்டிலும் கீழே வந்தது. மாடி அறைச் சுவர்க் காகிதம் வெளுத்துப் போயும், கட்டில் மறைத்திருந்த இடம் மட்டும் இன்னும் நீலமாக இருக்கிறது.

இந்த வகைக்கும் ஒரு பிரபல உதாரணம் உண்டு. கேரி ஸ்டெட்ஹைமர் என்ற அமெரிக்கப் பெண்மணி 1916 முதல் 1935 வரை செய்த பொம்மை வீடு, இப்போது நியூயார்க் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அம்மா, சகோதரிகளோடு அவர் வாழ்ந்த வாழ்க்கையின் சாயல் அதில் தெரியும். அவர்களுக்குப் பழக்கமான கலைஞர்கள் அதற்கென்றே குட்டி ஓவியங்கள் வரைந்து கொடுத்தார்கள். பிரெஞ்சு ஓவியர் மார்செல் துஷாம்ப் தன் புகழ்பெற்ற ஓவியத்தையே உள்ளங்கைக்குள் அடங்கும்படி திரும்ப வரைந்தார். கட்டுரையாளர் இதை எப்படி விட்டார் என்று தெரியவில்லை.

போகட்டும். 'பழைய பொம்மை வீட்டைத் தேய்த்துப் புது பெயின்ட் அடியுங்கள்' என்ற யோசனையைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. முதலில் ஒவ்வொரு அறையையும் படம் எடுங்கள். எதை யார் எப்போது செய்தார்கள் என்று அடிப்பலகையில் பென்சிலால் எழுதுங்கள். அப்புறம் தூசி தட்ட ஒரு மெல்லிய பிரஷ் போதும்.

பட்டுத்தான் சொல்கிறேன். எங்கள் உயரத்தைச் சுவரில் குறிக்கும்போதெல்லாம் பொம்மைகளையும் பொம்மை வீட்டு அறைச் சுவரில் நிறுத்தி அளப்போம். பொம்மை எங்கே வளரும்? ஒரே கோட்டின் பக்கத்தில் நாலைந்து தேதிகள். உறவுக்காரர் ஒருவர் ஆசையாக அந்த அறைக்கு வெள்ளை அடித்துக் கொடுத்தார். அந்தத் தேதிகளில் ஒன்றுகூட இப்போது எங்கள் யாருக்கும் நினைவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி