ஊரறிந்த மனைவிக்கு வாரிசுச் சான்றில் இடமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உத்தராகண்டில் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 2025 ஜனவரியில் சட்டம் அமலுக்கு வந்ததிலிருந்து, எல்லோரும் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறார்கள். செவ்வாய்ப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்து மனு எழுதிக் கொடுக்கும் என்னிடம் வருவது வேறு ஆட்கள்.

சமீபத்தில் ஓர் அம்மா வந்தார். கணவன், மனைவி இருவருக்கும் கொலுசுப் பட்டறையில்தான் வேலை. ஊத்துமலை முருகன் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டார்களாம். போட்டோ இல்லை, சாட்சி நின்றவர்களும் இன்று உயிரோடு இல்லை. இருப்பது பழைய ரேஷன் கார்டு. மடிப்பு கிழிந்து டேப் ஒட்டிய அந்த அட்டையில் இவர் பெயருக்கு நேரே ‘மனைவி’ என்றிருக்கிறது. கணவர் இறந்தபின் தாலுகா அலுவலகத்தில் வாரிசுச் சான்று கேட்டால், “மகள் பெயரை மட்டும் போட்டுத் தருகிறோம், உங்களுக்குத் திருமணப் பதிவு இல்லை, கோர்ட்டுக்குப் போங்கள்” என்றிருக்கிறார்கள். இறந்தவரின் அண்ணன் தம்பிகள்கூட ஆட்சேபிக்கவில்லை!

கோர்ட் இதை என்றைக்கோ சொல்லிவிட்டது. பல காலம் கணவன் மனைவியாக வாழ்ந்தவர்களைத் தம்பதி என்றே கொள்ள வேண்டும், இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று 1978இல் பத்ரி பிரசாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2022இல் ஒரு கேரளக் குடும்பத்தின் சொத்து வழக்கிலும் அதையே சொன்னது. அமெரிக்காவின் டெக்சாஸில், சடங்கில்லாமல் சேர்ந்த தம்பதி உள்ளூர் அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தால் அது திருமணப் பதிவுதான். சேர்ந்து வாழ்ந்ததையே திருமணமாகக் கொள்ளும் வழக்கத்தை ஸ்காட்லாந்து 2006இல் நிறுத்தியது. அப்போதும், சேர்ந்து வாழ்ந்தவர் உயில் எழுதாமல் இறந்தால் மற்றவர் பங்கு கேட்க வழி வைத்தது.

சரி, முதல் மனைவி உயிரோடு இருந்தால்? அதை நீதிமன்றம்தான் தீர்க்க வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் எதிர்ப்பே இல்லாத இடத்தில் ஏன் வழக்கு? கொலுசுக் கூலியில் வக்கீல் ஃபீஸ் கட்ட முடியுமா?

ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பிள்ளைகளின் சான்றிதழ், அக்கம்பக்கத்தார் வாக்குமூலம் இவற்றை வி.ஏ.ஓ. விசாரித்து, யாரும் ஆட்சேபிக்காவிட்டால் மனைவி பெயரையும் சேர்த்துச் சான்று தர வருவாய்த் துறை உத்தரவு போட வேண்டும். சேலம் மாவட்ட ஆட்சியர் இதை அரசின் கவனத்துக்குக் கொண்டு செல்ல வேண்டுகிறேன்.

க. பூங்கொடி,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.