முதியோர் பணத்துக்கு எத்தனை சல்லடை?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதியோருக்கான அரசு உதவிகளை வசதி பார்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல ஓய்வூதியம் வாங்குகிறவருக்குச் சலுகை எதற்கு என்று கேட்டிருந்தார்கள். கேட்டதில் தப்பில்லை. நானே மத்திய அரசு ஓய்வூதியம் வாங்குகிறவன்தான். எனக்கு முதியோர் உதவித்தொகை வேண்டாம், யாரும் கொடுக்கவும் இல்லை. ஆனால் 'வசதி பார்ப்பது' என்கிற வேலை மலையில் எப்படி நடக்கிறது என்பதைக் கட்டுரையாளர் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை என்று தோன்றியது. நான் பார்த்திருக்கிறேன்.

ஏற்காட்டில் தபால்காரனாக இருந்தேன். நாகலூர், செம்மநத்தம், மாரமங்கலம் பக்கமெல்லாம் நடந்த கால்கள் இவை. அப்போது முதியோர் பணம் மணியார்டரில் வரும். 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கிய திட்டம் அது. நான் பையைத் தூக்கிய காலத்தில் கொஞ்சம் கூடியிருந்தது. மை டப்பாவைத் திறந்து, பெருவிரலைப் பிடித்து உருட்டி, பாரத்தில் கைநாட்டு வாங்கிப் பணத்தை எண்ணிக் கொடுப்பேன். "டீ குடி கண்ணு" என்று அதிலிருந்தே ஐந்து ரூபாயை எடுத்து நீட்டுவார்கள். ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: நானும் வாங்கியிருக்கிறேன். ஏழையின் பணம் போகிற வழியில் எத்தனை கை குறுக்கே நிற்கிறதோ அத்தனை கைக்கும் ஏதாவது ஒட்டும் என்பதை என் கையை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஓய்வுபெற்றுச் சேலத்துக்கு இறங்கி வந்த பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவையாவது மலைக்குப் போவேன். சென்ற தை மாதம் போனபோது, காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தே காலம் தள்ளிய ஓர் அம்மாவைப் பார்த்தேன். எழுபதைத் தாண்டியவர். இரண்டு முறை மனு போட்டும் தள்ளுபடி. காரணம், 'ஆதரவற்றவர்' என்கிற நிபந்தனை. ரேஷன் கார்டில் மகன் பெயர் இருக்கிறது. அவன் வேலை தேடித் திருப்பூர் பக்கம் போய் ஆறு வருஷமாகிறது. தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்ப்பதில்லை. "மகன் இருக்கான்னு எழுதிட்டாங்க கண்ணு. இருக்கான்தான். எங்கேன்னு நீதான் தேடிக் குடுக்கோணும், நீ தபால்காரன்தானே?" என்று சிரித்தார். அதே தெருவில் மாடி வீட்டுக்காரர் ஒருவருக்குப் பணம் மாதம் தவறாமல் வருகிறது. அவருக்கு மனு எழுத ஆள் இருந்தது, கூடவே போய்ப் பேசவும் ஆள் இருந்தது. சல்லடை ஏழையைத் தங்கவைத்து வசதிக்காரரைச் சலித்து எடுத்துவிடும் என்று நினைக்கிறோம். நான் பார்த்தவரை அது தலைகீழாகத்தான் சலிக்கிறது.

கிடைத்தவர்கள் பாடும் லேசில்லை. அந்த அம்மாவின் நாத்தனாருக்குப் பணம் வருகிறது. வங்கிக்காரப் பையன் கையடக்க மெஷினோடு வருகிறான். பழம் பறித்துப் பறித்துத் தேய்ந்துபோன விரலில் ரேகை விழவில்லை. தலை எண்ணெயில் தேய்த்து, முந்தானையில் துடைத்து, மறுபடி வைத்து, நாலாவது தடவை பீப் சத்தம் கேட்டதும்தான் அவர் மூச்சு விட்டார். ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு.

அந்தத் தொகையைப் பற்றியும் ஒரு கணக்கு. 2023 ஆகஸ்டில் தமிழகத்தில் அதை மாதம் 1,200 ரூபாய் ஆக்கினார்கள். மத்திய திட்டத்தில் சேருகிறவர்களுக்கு டெல்லியின் பங்கு, எண்பது வயதுக்குக் கீழே 200 ரூபாய். பதினைந்து வருஷத்துக்கு மேலாக அதே 200. எனக்கோ ஜனவரிக்கு ஒரு தரம், ஜூலைக்கு ஒரு தரம் அகவிலைப்படி கூடுகிறது. விலைவாசி எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்குச் சங்கம் இருக்கிறது, கோர்ட்டுக்குப் போகத் தெரியும், உங்களுக்குக் கடிதம் எழுதவும் தெரியும். ஏழைக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்ததை உயர்த்தச் சொல்லிக் கத்த ஆளில்லை. வசதி பார்க்கச் சொல்கிறவர்கள் யாரும் இதைப் பேசுவதில்லை.

கட்டுரையில் பிரிட்டனை எடுத்துக்காட்டியிருந்தார்கள். அங்கே முதியோருக்குக் குளிர்கால எரிபொருள் உதவி என்று ஒன்று 1997 முதல் உண்டு. 2024-இல் அதை மிக ஏழைகளுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு நின்றுபோனது. இது வரை கட்டுரையில் இருந்தது. மறு வருஷமே அந்த அரசு பின்வாங்கியது விட்டுப்போயிருக்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்போது எல்லாருக்கும் கொடுத்துவிட்டு, வருஷத்துக்கு 35,000 பவுண்டுக்கு மேல் வருமானம் உள்ளவர்களிடம் வரி வழியாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள். கிழவி வீட்டுப் படியேறி விசாரிக்க வேண்டியதில்லை.

இவ்வளவு தூரம் போவானேன், நம் ரேஷன் கடையே இருக்கிறது. 1997-இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று கார்டைப் பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்கவில்லை. அரிசி வேண்டாம் என்பவர்கள் தாங்களாகவே சர்க்கரைக் கார்டு வாங்கிக்கொண்டார்கள். எந்த அதிகாரியும் வந்து அவர்கள் வீட்டு அடுப்பைப் பார்க்கவில்லை. ரேஷன் அரிசி கோழித் தீவனமாகவும் போகிறது என்பீர்கள். போகிறதுதான், நாமக்கல் பக்கத்தில் இருந்துகொண்டு இல்லை என்று சொல்ல முடியுமா? ஆனால் கார்டில் பேர் இருக்கிற கிழவி அரிசி இல்லாமல் திரும்பியதை நான் மலையில் பார்த்ததில்லை.

ஆகவே வசதி பார்க்கத்தான் வேண்டுமென்றால், பார்க்க வேண்டியது என்னை. என் ஓய்வூதிய ஆணை எண், பான் எண், ஆதார் எல்லாம் அரசிடமே இருக்கின்றன. என்னை நீக்க வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) வர வேண்டாம், வி.ஏ.ஓ. சான்றும் வேண்டாம், கம்ப்யூட்டரில் ஒரு நிமிஷ வேலை. அரசு ஓய்வூதியம் வாங்குகிறவர்களையும் வருமான வரி கட்டுகிறவர்களையும் அப்படி எடுத்துவிட்டு, மீதி இருக்கும் அறுபது வயதுக்காரர் எல்லாருக்கும் கேள்வி கேட்காமல் கொடுக்கட்டும். செலவு கூடும், மறுக்கவில்லை. முதியோருக்கான ரயில் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்களே, ஏ.சி. பெட்டிக்கு அது திரும்பி வராவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. ஸ்லீப்பருக்காவது கொடுங்கள்.

அந்த அம்மாவுக்கு மூன்றாவது மனு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். மகனைப் பற்றி என்ன எழுதட்டும் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "உசுரோட இருக்கான்னு மட்டும் எழுது கண்ணு" என்றார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்.