ஆவணி முகூர்த்தத்துக்கு முன் ஒரு மடிக்கணினி

திருவையாறு,
ஆடி 20

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் ஆடிப்பெருக்குக்கு முதல் நாள் கிடைத்தது. மறுநாள் வீட்டாரோடு புஷ்ய மண்டபப் படித்துறைக்குப் போய் வந்தோம். அம்மா இந்த ஆண்டும் தன் கையாலேயே காதோலை கருகமணியை ஆற்றில் விட்டாள் என்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அங்கிருந்து திரும்பியது முதல் உன் கேள்வியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆடித் தள்ளுபடி முடிவதற்குள், 18 அங்குலத் திரையும் பெரிய கிராபிக்ஸ் கார்டும் கொண்ட மடிக்கணினி ஒன்றை வாங்கி, ஆவணித் திருமணங்களின் வீடியோ வேலையை அதிலேயே செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். ஒன்றரை லட்சத்துக்கு மேல் போகும் செலவு என்பதால் ஒரு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

நான் நான்கு ஆண்டுகளாக 17.3 அங்குல இயந்திரம் ஒன்றை வைத்திருக்கிறேன். வாய்க்கால்களையும் வயல்களையும் டிரோனில் எடுத்த நூற்றுக்கணக்கான படங்களை ஒட்டி ஒரே வரைபடமாக்கும் என் வேலைக்கு வலுவான கணினி வேண்டும். அதைவிட, அந்த வரைபடத்தை ஊருக்கே எடுத்துப்போய்க் காட்ட வேண்டும். கிராம நூலகத்து மேசையில் அதைத் திறந்து வைத்தால் ஐந்தாறு விவசாயிகள் சுற்றி நின்று, தங்கள் வரப்பு எது, தண்ணீர் எந்த மடையில் நிற்கிறது என்று விரல் வைத்துக் காட்டுகிறார்கள். சென்ற ஆண்டு ஒரு பெரியவர் தன் வயலைக் கண்டுகொண்டதும், அதற்குப் பக்கத்தில் தூர்ந்து போயிருந்த கன்னி வாய்க்காலின் தடத்தைத் தானாகவே காட்டிக்கொடுத்தார். சிறிய திரையில் அந்தத் தடம் அவர் கண்ணில் பட்டிருக்காது. இந்த ஒரு பயனுக்காகவே மூன்று கிலோ இயந்திரத்தையும், ஏறத்தாழ ஒரு கிலோ எடையுள்ள அதன் சார்ஜரையும் பேருந்தில் சுமப்பது எனக்குப் பாரமாகத் தோன்றியதில்லை.

உன் நிலை வேறு. ஸ்டுடியோவுக்கு ஆல்பம் பார்க்க வருகிறவர்களுக்குத் தனி மானிட்டரில் காட்டலாம். மண்டபத்திலோ எல்இடி திரை இருக்கிறது. எனவே மடிக்கணினியின் திரை உன் கண்ணுக்கு மட்டும் போதுமானதாக இருந்தால் சரி. நம் இருவருக்கும் வெள்ளெழுத்து வந்துவிட்ட வயதில் இது சிறிய விஷயமில்லை என்பதை அறிவேன். ஆனால் அங்குலக் கணக்கு மூலைவிட்ட அளவு என்பதையும், திரையின் உயரம் அதன் விகிதத்தைப் பொறுத்தது என்பதையும் கவனி. என்னுடைய 17.3 அங்குலத் திரை 16:9 விகிதம். அதன் உயரம் 21.5 செ.மீ. இப்போது வரும் 16 அங்குலத் திரைகள் பெரும்பாலும் 16:10 விகிதம். அவற்றின் உயரமும் அதே 21.5 செ.மீ.தான். அகலத்தில் மட்டும் சுமார் 4 செ.மீ. குறையும். நீ விரும்பும் 18 அங்குலம் 24 செ.மீ. உயரம் தரும், பரப்பில் 16 அங்குலத்தைவிடக் கால் பங்குக்குச் சற்றே கூடுதல். அந்தக் கால் பங்குக்காக வழக்கமான தோள்பையில் நுழையாத பெட்டியை ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் தூக்கிப்போக வேண்டுமா என்பதே உன் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

நிறத்தில் மட்டும் எந்தச் சமரசமும் செய்யாதே. 45 சதவீதம் என்டிஎஸ்சி (திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கான ஓர் அளவு) என்று குறிக்கப்பட்ட மலிவுத் திரையில் கூறைப்புடவையின் அரக்குச் சிவப்பு வெளிறித் தெரியும். அதைப் பார்த்து நீ நிறத்தைத் தூக்கினால் அச்சில் மணப்பெண்ணின் முகமே சிவந்துவிடும். எஸ்ஆர்ஜிபி என்ற பொதுவான நிறத்தொகுப்பை முழுதாகக் காட்டும் திரையே உனக்கு வேண்டும்.

இனி வலுவைப் பற்றி. கடைக்காரர் கிராபிக்ஸ் கார்டின் பெயரைச் சொல்வதோடு நிறுத்திக்கொள்வார். அதற்கு எத்தனை வாட் மின்சாரம் விடப்படுகிறது என்பதை நீதான் கேட்டு வாங்க வேண்டும். என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டை, அந்த ஒரே பெயரில் மடிக்கணினிகளுக்கு 35 வாட் முதல் 115 வாட் வரை தயாரிப்பாளர்கள் அமைத்திருக்கிறார்கள். மெல்லிய உடலில் அடைபட்டதும் தடித்த உடலில் நன்றாகக் குளிர்விக்கப்படுவதும் வேகத்தில் ஒன்றாகா. மேசைக்கணினியின் கார்டும் மடிக்கணினியின் கார்டும் ஒரே பெயரைத் தாங்கியிருந்தாலும் ஒன்றல்ல: அதே வரிசையின் 4090 கார்டு மேசைக்கு 24 ஜிபி நினைவகத்தோடும், மடிக்கணினிக்கு வேறொரு சில்லில் 16 ஜிபியோடும் வந்தது. பெரிய உடலின் உண்மையான நன்மை அதன் விசிறியிலும் காற்றுவழியிலும் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் 18 அங்குலத்துக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

ஆயினும் அந்த வலு சுவரில் உள்ள பிளக்கோடு கட்டப்பட்டது. விமானத்தில் தனி அனுமதி பெறாமல் கொண்டுபோகக்கூடிய பேட்டரியின் எல்லை 100 வாட்-மணி (100 வாட் வேலையை ஒரு மணி நேரம் தாங்கும் அளவு) என்பதால், எவ்வளவு பெரிய மடிக்கணினியிலும் அதற்குச் சற்றுக் குறைவாகவே வைக்கிறார்கள். கிராபிக்ஸும் செயலியும் சேர்ந்து 200 வாட் கேட்கும் வேலைக்கு அது அரை மணி நேரம்கூடத் தாங்காது; அதனாலேயே சார்ஜரைப் பிடுங்கியதும் இயந்திரம் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இருந்தாலும் மண்டபத்தில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் அந்த ஒரு நிமிடத்தில், மேசைக்கணினி அணைந்துவிடும் இடத்தில், உன் வேலை கலையாமல் நிற்கும். தாலி கட்டிய காட்சியை அன்று மாலை வரவேற்பிலேயே போட்டுக்காட்டும் உனக்கு இதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

உன் கேமரா 10 பிட் 4:2:2 எச்.265 முறையில், அதாவது நிற விவரத்தை அதிகம் வைத்துக்கொண்டு கோப்பை இறுகச் சுருக்கிப் பதிவுசெய்கிறது என்று முன்பு எழுதியிருந்தாய். இதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். அந்தச் சுருக்கிய கோப்பைத் தடங்கலின்றி விரித்துக் காட்டும் வசதி என்விடியாவின் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகளில் இல்லை. இன்டெல் செயலிக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸில் சில ஆண்டுகளாகவே இருக்கிறது. ஆப்பிளின் எம் வரிசைச் செயலிகளிலும் இருக்கிறது. ஆகவே பெரிய பெயர் கொண்ட பழைய கார்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு, எடிட்டிங் டைம்லைனில் காட்சி திக்கித் திக்கி நகர்வதைப் பார்த்து நீ வருந்தும் நிலை வந்துவிடக் கூடாது. கணினியின் பொது நினைவகம் (ரேம்; கார்டின் நினைவகம் வேறு) 32 ஜிபிக்குக் குறைய வேண்டாம். உள்ளிருக்கும் மின்சுற்றுப் பலகையோடு பற்றவைத்த நினைவகமாக இருந்தால் பிறகு கூட்டவும் முடியாது.

நம் பக்கத்து மண்ணுக்கு உரிய இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன். இவ்வகை இயந்திரங்கள் அடிப்பக்கத்தில் காற்றை இழுப்பவை. மடியிலோ மெத்தையிலோ வைத்தால் மூச்சடைத்துவிடும். குறுவை அறுவடையின்போது களத்துக்கு அருகே ஒரு வீட்டுத் திண்ணையில் வைத்து நான் வேலை செய்ததில், கருக்காய்த் தூசி விசிறிகளில் அப்பிக்கொண்டு, ஒரு மணி நேர வேலை இரண்டரை மணி நேரமானது. திறந்து துடைத்த பிறகே பழைய வேகம் திரும்பியது. மற்றொன்று எர்த். பழைய மண்டபங்களில் எர்த் கம்பி சரியாக இல்லாத பிளக்கில் செருகினால், உலோக உடலில் கை பட்டதும் மெல்லிய அதிர்வு தெரியும். டெஸ்டர் ஒன்றும், நல்ல சர்ஜ் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியும் உன் பையில் எப்போதும் இருக்கட்டும்.

எனக்குத் தோன்றுவது இதுதான்: 18 அங்குலத்தை விட்டுவிடு. தடித்த உடலும் நல்ல குளிர்விப்பும் உள்ள 16 அங்குலத்தை வாங்கு. மிச்சப்படும் பணத்தில் ஸ்டுடியோவில் 27 அங்குல மானிட்டர் ஒன்றை நிறுத்து. இரவெல்லாம் உட்கார்ந்து வெட்டி ஒட்டும் நேரத்தில் உன் கண்ணும் கழுத்தும் அதைத்தான் கேட்கும்.

பணத்தைக் கட்டுவதற்கு முன் வரும் சனிக்கிழமை தஞ்சாவூருக்கு வா. சென்ற தை மாதத்துத் திருமணக் கோப்பு ஒன்றைப் பென்டிரைவில் எடுத்து வா; நான் என் இயந்திரத்தைக் கொண்டுவருகிறேன். முதலில் இதில் ஓட்டிப் பார்ப்போம். பிறகு கடையில் நீ தேர்ந்தெடுப்பதிலும் அதே கோப்பை, சார்ஜர் இல்லாமல் ஒரு முறையும் சார்ஜரோடு ஒரு முறையும் ஓட்டிக் காட்டச் சொல்வோம்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

என்றும் உன்,
பள்ளித் தோழன்