அம்மாவின் ஒன்பது நோட்டுகள்

சுமதி,

உன் கடிதமும் படங்களும் வந்தன. பதில் தாமதமாகிவிட்டது, நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். இங்கே எல்லோரும் நலம். என் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, ரேவதியும் அப்படியேதான் இருக்கிறாள். நலம் விசாரிப்பு இவ்வளவு போதும். நீ கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

அம்மாவின் கணக்கு நோட்டுகளைக் கடையில் கொடுத்து ஒரே புத்தகமாக பைண்ட் பண்ணிவிடலாம் என்று சேகர் அண்ணன் சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். கொடுத்துவிடாதே. ஏற்கெனவே கொடுத்திருந்தால் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய் வாங்கி வா, மீதியை அப்புறம் படி.

அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார், அதில் சந்தேகமில்லை. ஆனால் அங்கே என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பார். பின்னைப் பிடுங்குவார்கள். ஒன்பது நோட்டையும் அடுக்கி, முதுகுப் பக்கம் மடிப்பு மொத்தத்தையும் கத்தியால் சீவி எடுப்பார்கள், அப்போதுதான் பசை ஒவ்வொரு தாளிலும் பிடிக்கும். சூடான பசையைத் தடவி அட்டையை ஒட்டுவார்கள். கடைசியாக மற்ற மூன்று பக்கங்களையும் கட்டிங் மெஷினில் வைத்து நேராக வெட்டுவார்கள். அச்சடித்த புத்தகத்துக்கு இதனால் ஒன்றும் ஆகாது, ஓரத்தில் வெட்டுவதற்கென்றே இடம் விட்டுத்தான் அச்சடிக்கிறார்கள். அம்மா எங்கே இடம் விட்டார்? நீ அனுப்பிய நான்காவது படத்தை மறுபடி பார். மார்ஜின் கோட்டுக்கு வெளியே, தாளின் விளிம்பு வரைக்கும் பொடி எழுத்தில் கூட்டல் போட்டு வைத்திருக்கிறார். அந்த எண்களெல்லாம் குப்பைக்கூடைக்குப் போகும். ஏழாவது படம் இன்னும் மோசம், அந்த நோட்டின் நடுப்பக்கத்தில் இடது தாளில் ஆரம்பித்த வரி மடிப்பைத் தாண்டி வலது தாளில் முடிகிறது. ஒரு பக்கம் முழுக்க அப்படி. மடிப்பைச் சீவினால் ஒவ்வொரு வரியிலும் நடுவில் ஓர் எழுத்து போய்விடும்.

அதனால் நான் தைத்துத் தருகிறேன். பசை இல்லாமல், முதுகில் துணியோ தோலோ ஒட்டாமல், நூலை அப்படியே வெளியே தெரியும்படி விட்டு, சங்கிலித் தையலில்.

இந்தத் தையலில் நான் கொஞ்ச காலமாகவே மூழ்கிக் கிடக்கிறேன், நீயும் போனில் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருப்பாய். இருந்தாலும் இந்த ஒன்பது நோட்டுக்கு இது எவ்வளவு பொருத்தம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். சாதாரணமாகத் தைக்கிற புத்தகத்தில் நான்கு தாளை ஒன்றாக மடித்தால் பதினாறு பக்கம், அது ஒரு பாரம். அப்படிப் பல பாரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தைப்போம். அம்மாவுடையவை எல்லாம் நாற்பது பக்க நோட்டு. அதாவது பத்துத் தாளை நடுவில் மடித்துப் பின் அடித்தது. பின்னை எடுத்துவிட்டால் ஒவ்வொரு நோட்டும் அதுவாகவே ஒரு பாரம்! ஒரு தாளைக்கூட வெட்ட வேண்டாம், பிரிக்க வேண்டாம். கடை அட்டை இருக்கிறதே, அதையும் கழற்ற வேண்டாம், அதுவும் நடுவில் மடித்ததுதானே, வெளித்தாளாக அதையும் சேர்த்துத் தைத்துவிடலாம். பழைய தாளை நூல் அறுத்துவிடாமல் அந்தக் கெட்டி அட்டை தாங்கும். இன்னொன்றும் கிடைக்கும். முதுகை மூடாததால் ஒன்பது அட்டையின் மடிப்புகளும் வெளியே வரிசையாகத் தெரியும், நீலம், வெளிறிய சிவப்பு, அந்தப் பழுப்பு, எது எந்த வருடத்து நோட்டு என்று முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

தைக்கும் விதம் இதுதான். எல்லா நோட்டின் மடிப்பிலும் ஒரே அளவில் குத்தூசியால் துளை போட வேண்டும். முதலில் கீழ் அட்டையையும் முதல் நோட்டையும் சேர்த்துக் கட்டிக்கொள்வேன். அடுத்த நோட்டை அதன்மேல் வைத்து, உள்ளிருந்து ஊசியை வெளியே எடுத்து, கீழே ஏற்கெனவே போட்ட தையலுக்குப் பின்னால் ஊசியை நுழைத்துச் சுற்றி, வந்த துளை வழியாகவே திரும்ப உள்ளே போவேன். உள்ளே மடிப்போடு அடுத்த துளைக்குப் போய் மறுபடி அதேதான். நோட்டு ஏற ஏற ஒவ்வொரு துளைக்கு நேரிலும் நூல் கண்ணியாகக் கோத்துக்கொண்டே போகும், முடிக்கும்போது முதுகில் வரிசையாகச் சடை பின்னினதுபோல நிற்கும். நூலை இறுக்கும்போதுதான் கவனம் வேண்டும். தையல் போகிற திசையில் மடிப்போடு ஒட்டி இழுக்க வேண்டும், வந்த வழியாகப் பின்னால் இழுத்தால் துளை நீளமாகக் கிழிந்துவிடும். தேன்மெழுகில் இழுத்த லினன் நூல்தான் சரி. மெழுகு பூசினால் நூல் சிக்காது, போட்ட கண்ணியும் நழுவாது. ரொம்ப மெல்லிய நூல் தாளை அறுக்கும், தடித்த நூல் என்றால் முதுகு மட்டும் உப்பிப் புத்தகம் ஆப்பு மாதிரி ஆகிவிடும், நடுத்தரமாக ஒன்று வைத்திருக்கிறேன்.

இப்படித் தைத்த புத்தகத்தை எந்தப் பக்கத்தில் திறந்தாலும் மேஜைமேல் தட்டையாகப் படுத்துக்கொள்ளும். கையால் அமுக்கிப் பிடிக்க வேண்டாம். மடிப்பைத் தாண்டி எழுதிய அந்தப் பக்கத்தை ஒரே தாளாக, அம்மா எழுதும்போது எப்படி விரிந்து கிடந்ததோ அப்படியே வாசிக்கலாம். எனக்கு அந்த ஒரு பக்கத்துக்காகவே இதைச் செய்ய வேண்டும் என்று இருக்கிறது.

பசை இல்லாமல் நிற்குமா, நாலு வருடத்தில் பிரிந்து வந்துவிடாதா என்று அண்ணன் கேட்பார். கேட்டால் இதைச் சொல். எகிப்தில் காப்டிக் கிறிஸ்தவர்கள் கி.பி. முதல் சில நூற்றாண்டுகளிலேயே இந்த மாதிரித் தைத்தார்கள், அதனால்தான் இதைக் காப்டிக் தையல் என்கிறோம். எத்தியோப்பியாவில் மரப்பலகையை அட்டையாக வைத்து இதே முறையில் தைத்தார்கள், பல சுவடிகளின் முதுகு இன்றும் திறந்தபடியே இருக்கிறது. பிரிட்டிஷ் நூலகத்தில் புனித கத்பர்ட் நற்செய்தி என்று உள்ளங்கை அளவில் ஒரு சின்னப் புத்தகம் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் செய்தது. கத்பர்ட் என்ற அந்தத் துறவியின் சவப்பெட்டிக்குள் இருந்து, 1104-இல் பெட்டியைத் திறந்தபோது கிடைத்தது. மேலே சிவப்புத் தோல் போர்த்தியிருக்கிறார்கள், உள்ளே இருப்பது இந்தத் தையல்தான். ஐரோப்பாவில் பைண்டிங் சிதையாமல் கிடைத்த மிகப் பழைய புத்தகம் அது. 2012-இல் அந்த நூலகம் அதை 90 லட்சம் பவுண்டு கொடுத்து வாங்கியது. அண்ணனுக்கு அந்தத் தொகையைக் கொஞ்சம் அழுத்திச் சொல், அவருக்கு அதுதான் புரியும்.

நூல் அறுந்தால்கூடப் பெரிய ஆபத்தில்லை. பழைய நூலை உருவிவிட்டு அதே துளைகளில் மறுபடி தைக்கலாம். பசையும் கத்தியும் பட்ட தாளுக்கு அப்படித் திரும்பிப் போக வழியே இல்லை. பிற்பாடு உன் பெண்ணுக்கு ஒன்பதும் தனித்தனியாக வேண்டும் என்று தோன்றினால், நூலை வெட்டினால் போதும், ஒன்பது நோட்டும் முழுதாகக் கையில் வரும்.

கவலை எனக்கும் இருக்கிறது. பின் எல்லாம் துருப்பிடித்து, அதைச் சுற்றித் தாள் பழுப்பாகியிருக்கிறது. நீ அதைத் தொடாதே, பிடுங்கவே பிடுங்காதே. நடுப்பக்கத்தில் பின்னின் இரண்டு கால்களையும் மெல்லிய தகட்டால் நிமிர்த்தி, வெளிப்பக்கமாக மெதுவாக எடுக்க வேண்டும், நானே செய்கிறேன். மடிப்பு நைந்துபோன இடங்களில் மெல்லிய ஜப்பானியத் தாளைக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டிப் பலப்படுத்தலாம். பின்னால் வேண்டாம் என்றால் தண்ணீர் காட்டி எடுத்துவிடலாம். ஆனால் பசையில் ஈரம் இருக்கிறது. ஐந்தாவது நோட்டிலிருந்து அம்மா மைப்பேனாவில் எழுதியிருப்பதுபோல் படத்தில் தெரிகிறது. அந்த மை ஈரம் பட்டால் கலையும். முதலில் ஒரு முற்றுப்புள்ளிமேல் ஈரப் பஞ்சை ஒற்றிப் பார்த்துவிட்டுத்தான் எதையும் செய்வேன், நீலம் பஞ்சில் ஏறினால் அந்த நோட்டுகளுக்குப் பசையே கிடையாது, அட்டை தாங்குகிற அளவுக்குத் தாங்கட்டும். இன்னொன்று, முதுகு திறந்திருப்பதால் தூசியும் வெளிச்சமும் நேராகப் படும். அதற்கு மூடிவைக்க ஒரு பெட்டி செய்துவிடுகிறேன்.

இதெல்லாம் வேலை சம்பந்தப்பட்டது, நான் பார்த்துக்கொள்வேன். நீ முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதை நான் செய்ய முடியாது.

ஒவ்வொரு நோட்டின் நடுவிலும் நூல் மேலிருந்து கீழாக மடிப்பிலேயே ஓடும். ஏழாவது படத்தில் இருக்கும் நோட்டில் அந்த நூல் அம்மாவின் எழுத்துமேல் ஓடும். ஒரு மில்லிமீட்டர்கூட இராது. நூலை விரலால் லேசாக நகர்த்தினால் அடியில் எழுத்து அப்படியே இருக்கும். துளைகளை மட்டும் இரண்டு வரிக்கு நடுவே விழுகிற மாதிரி அளந்து போடுகிறேன், எழுத்தில் ஊசி படாது. அந்த நோட்டுக்கு ஏற்றபடி அளவெடுத்து அதையே மற்ற எட்டிலும் போட்டுவிடலாம். இருந்தாலும் அந்தப் பக்கம் என்னவென்று எனக்குத் தெரியும் சுமதி. படத்தைப் பெரிதாக்கிப் படித்தேன். நீ ஆஸ்பத்திரியில் இருந்த அந்த வாரம் எழுதியது. தேதி இருக்கிறது. கணக்கு எழுதுகிற நோட்டில் கணக்கே இல்லாமல் அவர் எழுதியது அந்த ஒரு பக்கம்தான். நீ முழுசாகப் படித்தாயா, இல்லை படம் மட்டும் எடுத்து அனுப்பினாயா என்று எனக்குத் தெரியவில்லை. படிக்காமல் இருந்தால் முதலில் உட்கார்ந்து படி. அதன்பின் அதன்மேல் நூல் போகலாமா வேண்டாமா என்று சொல். வேண்டாம் என்றால் அந்த நோட்டைத் தைக்காமல் தனியாக, அதே பெட்டியில் அதற்கென்று ஓர் அறை வைத்துத் தருகிறேன். எட்டு நோட்டுப் புத்தகமும் அழகாகத்தான் இருக்கும்.

தபாலில் மட்டும் அனுப்பாதே. நீயே எடுத்துக்கொண்டு வா. இரண்டு தடித்த அட்டைக்கு நடுவே வைத்துத் துணியால் சுற்று, ரப்பர் பேண்ட் போடாதே, ஓரத்தை வெட்டும். வரிசை எனக்குத் தெரியாது, அதனால் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு செருகி பென்சிலில் எண் போடு. ஒன்றைத் தலைகீழாகப் பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்திருக்கிறாரே, அதை எப்படி வைப்பது என்பதையும் யோசித்து வா. என்னைக் கேட்டால் அவர் எழுதினபடியே தலைகீழாக இருக்கட்டும் என்பேன்.

அண்ணனை நான் விசாரித்ததாகச் சொல். கடைக்காரருக்கு முன்பணம் கொடுத்திருந்தால் போகட்டும், விடு.

கலா