நான்கு டிஸ்க் அல்ல தம்பி, ஒன்றுதான்

அன்புள்ள தம்பி,

ஸ்டோரேஜ் குழுவிடம் ஒரு டிஸ்க்தான் கேட்டாய். சர்வரில் எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஇ என்று நான்கு வந்து நிற்கிறது, எதில் பார்ட்டிஷன் போடுவது என்று எழுதியிருந்தாய். நான்கில் எதையும் தொடாதே.

உன் சர்வரில் இரண்டு ஹெச்பிஏ போர்ட்டுகள், அதாவது ஸ்டோரேஜுக்குப் போகும் கேபிளைச் செருகும் இடங்கள். ஒவ்வொன்றும் தனித்தனி சுவிட்சுக்குப் போகிறது. ஒவ்வொரு சுவிட்சிலிருந்தும் ஸ்டோரேஜின் இரண்டு கண்ட்ரோலர்களுக்கும் வழி இருக்கிறது. ஆக நான்கு வழிகள். லினக்ஸ் கர்னல் ஒவ்வொரு வழிக்கும் ஒரு டிஸ்க் பெயர் வைத்துவிடுகிறது. நான்கு வாசல் வைத்த ஒரே வீடு அது. எந்த வாசலில் நின்று கேட்டாலும் பட்டா எண் ஒன்றுதான். அந்தப் பட்டா எண்தான் டபிள்யூடபிள்யூஐடி, டிஸ்க்கின் மாறாத அடையாள எண். மல்டிபாத் என்ற லினக்ஸ் சேவை அதைப் பார்த்து நான்கையும் ஒன்றாகக் கட்டி, டெவ் மேப்பர் என்ற கோப்புறைக்குள் எம்பாத்ஏ என்று ஒரே பெயரில் கொடுக்கிறது. நீ வேலை செய்யவேண்டியது அதில் மட்டும்தான்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், சர்வர் எழும்போது மல்டிபாத் சேவை தானே தொடங்கும்படி வைக்க மறந்துவிட்டேன். எந்த டிஸ்க்கை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எஸ்டிபி1 என்றே எழுதியும் விட்டேன். மாதக்கணக்கில் ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஞாயிறு இரவு ஒரு சுவிட்சை ரீபூட் செய்தார்கள். அடுத்த சுவிட்சின் இரண்டு வழிகளும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் நான் பிடித்திருந்தது செத்த வழி. டிஸ்க்கை எட்ட முடியாமல் டேட்டாபேஸ் விழுந்தது. விடியும்வரை அதைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தோம்.

வேலை பெரிதல்ல. சேவையை இயக்கு, எனேபிளும் செய். மல்டிபாத்தின் கான்ஃபிக் கோப்பில் டபிள்யூடபிள்யூஐடிக்கு எதிரே நீயே ஒரு அலியாஸ், அதாவது மாற்றுப்பெயர், கொடு. எம்பாத்ஏ என்பது கிளஸ்டரின் அடுத்த சர்வரில் எம்பாத்சி ஆகிவிடலாம். மேப்பர் பெயரில் பார்ட்டட் கட்டளை கொண்டு ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணை போடு. பார்ட்டிஷன் தெரியாவிட்டால் கேபார்ட்எக்ஸ் கட்டளையை ஓட்டு. பார்ட்டிஷன் பெயரின் வால் லினக்ஸ் டிஸ்ட்ரோவுக்கு டிஸ்ட்ரோ மாறும். ஊகிக்காமல் பார்த்து எழுது.

எஃப்எஸ்டேபில் கோப்பமைப்பின் அடையாள எண்ணான யூயூஐடி போதுமே என்பார்கள். நான் மேப்பர் பெயரைத்தான் எழுதுவேன். நான்கு வழியிலும் தெரிவது அதே யூயூஐடி. மல்டிபாத் எழாத அன்று சர்வர் ஏதோ ஒரு வழியைப் பிடித்துச் சத்தமில்லாமல் மவுண்ட் செய்துவிடும். மேப்பர் பெயர் என்றால் மவுண்ட் தோற்கும், எனக்கு அன்றே தெரியும்.

டேட்டா ஏற்றும் முன் ஒன்று செய். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுக்க விட்டு, சர்வரிலிருந்து ஒரு ஃபைபர் கேபிளைக் கழற்று. நகல் சில வினாடிகள் தயங்கும், பிறகு ஓடும். மல்டிபாத் எல்எல் கட்டளை காட்டும் பட்டியலில் இரண்டு வரிகள் ஃபால்ட்டி ஆகியிருக்கும், இரண்டு ரெடியாகவே நிற்கும். கேபிளைச் செருகி நான்கும் ரெடி ஆன பிறகே அடுத்த கேபிளில் கை வை. நாளை மாலை அதைச் செய்யும்போது அழை, நானும் போனில் இருக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்