கல்யாணத் திட்டம் பற்றி அம்மா எழுதுவது

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து போட்டு அனுப்பிய திட்டத்தை நானும் அப்பாவும் படித்தோம். மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல், யார் வயிற்றிலும் அடிக்காமல் ஒரு கல்யாணம் செய்ய வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ரொம்பச் சந்தோஷம். அப்பாவுக்கும் சந்தோஷம்தான், ஆனால் விருந்தினர் எண்ணிக்கையைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

பட்டியலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விதை பதித்த அழைப்பிதழ், மூங்கில் கரண்டி, ஆளுக்கொரு துணிப்பை, மரப்பலகையில் செதுக்கிய பெயர்கள்... பாதிக்கு மேல் புதிதாக வாங்க வேண்டியவை. எல்லாமே நல்ல பொருட்கள்தான், ஆனால் ஒன்றுகூட இல்லாமலேயே கல்யாணம் நடக்கும். வீட்டில் ஏற்கெனவே பத்துத் துணிப்பை வைத்திருப்பவருக்குப் பதினோராவது பை எதற்கு? அழைப்பிதழைப் போனில் அனுப்பிவிட்டு, போன் பழகாத பெரியவர்களுக்கு மட்டும் கொஞ்சம் அச்சடித்தால் போதும்.

ஒரு கல்யாணத்தின் சுமை பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் இருக்கிறது. எத்தனை பேர் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறார்கள் என்பது ஒன்று, எவ்வளவு சாப்பாடு சமைக்கிறோம் என்பது இன்னொன்று. நீண்ட தூர விமானத்தில் ஒருவர் போய்வந்தால், அவர் பங்குக்கு மட்டுமே ஏறக்குறைய ஒரு டன்னோ அதற்கு மேலோ கரியமில வாயு சேர்கிறது. மூங்கில் கரண்டியை வைத்து அதை ஈடுகட்ட முடியாது. இரண்டு குடும்பத்துக்கும் சம்பந்தமில்லாத மலைப்பக்கத்து விடுதி ஒன்றைக் குறித்திருக்கிறாய் பார், அதை முதலில் அடித்துவிடு. அழகான இடம்தான். ஆனால் அங்கே எல்லோருமே பயணப்பட்டாக வேண்டும். அதிகம் பேர் குடியிருக்கும் ஊரில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், சடங்கும் சாப்பாடும் ஒரே இடத்தில் நடக்கிற மாதிரி வைத்துக்கொள். பகலில் வைத்தால் விளக்கும் ஜெனரேட்டரும் பாதி மிச்சம்.

விமானத்துக்கு ஈடாக மரம் நடலாம் என்று மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். நடட்டும், நல்லதுதான். ஆனால் அதைக் கணக்கு தீர்ந்ததாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல். கன்று மரமாகி அவ்வளவு கரியையும் இழுக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். அடுத்த கோடையில் அதற்கு யார் தண்ணீர் ஊற்றப்போகிறார்கள்?

இப்போது சாப்பாடு. ஹோட்டல் விருந்துச் சமையற்கட்டில் இத்தனை வருஷம் இருந்தவள் என்பதால் இதை மட்டும் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். கல்யாண வீட்டார் பயத்தில் தலைக்கணக்கைக் கூட்டிச் சொல்வார்கள். பற்றாமல் போனால் கெட்ட பெயர் என்று நாங்களும் அதற்கு மேல் கூட்டி உலை வைப்போம். இரண்டு பயமும் சேர்ந்து கடைசியில் குப்பைத்தொட்டிக்குப் போகும். 2022இல் உலகம் முழுக்க வீணான உணவு 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் அறிக்கை சொல்கிறது. கடைக்கும் வீட்டுக்கும் உணவகத்துக்கும் வந்துசேர்ந்த உணவில் அது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. குப்பைமேட்டில் காற்றுப் படாமல் அழுகும்போது அதிலிருந்து மீத்தேன் வருகிறது. முதல் இருபது வருடங்களில் அது கரியமில வாயுவைவிட எண்பது மடங்கு அளவுக்குச் சூடேற்றும்.

ஆகவே, வருகிறீர்களா இல்லையா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு எண்ணிக்கையை உறுதிசெய். இதில் கூச்சமே வேண்டாம். வகைகளைக் குறை. பத்து வகை இருந்தால் எல்லாவற்றிலும் கொஞ்சம் போட்டுக்கொண்டு, பிடித்த இரண்டை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவதுதான் வழக்கம். மொத்தத்தையும் ஒரே தடவையில் சமைத்து அடுக்காமல், ஆள் வர வர அடுத்த அடுப்பைப் பற்றவைக்கச் சொல். தட்டு சின்னதாக இருக்கட்டும், வேண்டியவர்கள் இரண்டாம் தடவை வாங்கிக்கொள்வார்கள். இறைச்சி போடுவதாக இருந்தால் ஆடு, மாட்டைவிடக் கோழியில் சுமை குறைவு. பருப்பிலும் காயிலும் இன்னும் குறைவு.

மீந்ததைக் கொடுக்கிறோம் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். யாருக்கு, எந்த வண்டியில், எத்தனை மணிக்கு? சமைத்த உணவு சாதாரண வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் கிருமி பெருகத் தொடங்கிவிடும். 60 டிகிரிக்கு மேல் சூடாகவே வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் சீக்கிரம் குளிரூட்ட வேண்டும். வாங்கிக்கொள்பவர்களிடம் முன்னாலேயே பேசி, பாத்திரமும் ஆளும் ஏற்பாடு செய்துவிட்டால்தான் அது நடக்கும். மேசையில் பரிமாறி மிஞ்சியதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. அடுப்படியில் கரண்டி படாமல் இருப்பதை மட்டும் கொடு.

தட்டு, டம்ளர் எல்லாம் கழுவி மறுபடி எடுக்கக்கூடியவையாக வாடகைக்கு எடு. ‘மக்கும்’ என்று முத்திரை குத்தி வருகிற பிளாஸ்டிக் தட்டுகள் பெரும்பாலும் 60 டிகிரி அளவுக்குச் சூடு பிடிக்கும் உரத் தொழிற்சாலையில்தான் மக்கும். சாதாரணக் குப்பைமேட்டில் அப்படியே கிடக்கும். காகிதக் கப்பின் உள்ளே பூசியிருப்பதும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.

கழுவுவது என்றதும் யார் கழுவுவார்கள் என்று கேட்க வேண்டும். உங்கள் திட்டத்தில் இந்தப் பக்கம் காலியாக இருக்கிறது. எந்த மண்டபத்திலும் பின்கட்டுக்குப் போய்ப் பார். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு, சாக்கடை ஓரத்தில் ஈரத்தில் நின்றபடியே ஆறிப்போனதை அள்ளிப் போட்டுக்கொள்ளும் ஒரு பெண் இருப்பாள். அண்டா தேய்த்துத் தேய்த்து அவள் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருக்கும். நடுராத்திரிக்கு மேல் எந்த வண்டியில் வீடு போய்ச் சேருகிறாள் என்று ஒப்பந்தம் போட்ட யாருக்கும் தெரியாது. மூன்று பேர் விலை சொல்லி அதில் ஒருவர் மட்டும் ரொம்பக் குறைத்துச் சொன்னால், அந்தக் குறைவு அநேகமாக அவள் கூலியிலிருந்துதான் வருகிறது.

பேசும்போதே நேரடியாகக் கேள்: கழுவ எத்தனை பேர், என்ன கூலி, எத்தனை மணிக்கு விடுவீர்கள், எப்படி வீட்டுக்குப் போவார்கள்? பதினெட்டு வயதுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுது. வெளிப்படையாகச் சொல்லியே கையெழுத்து வாங்கு, கோபித்துக்கொண்டு போகிறவர் போகட்டும். சமையல்காரர், பரிமாறுகிறவர், ஓட்டுநர், போட்டோ எடுப்பவர், துப்புரவுக்காரர் எல்லோருக்கும் விருந்தினருக்குப் போடுகிற அதே சாப்பாடு, நாற்காலியில் உட்கார்ந்து, சூடாக. தலைக்கணக்கில் அவர்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

நகைக்குப் புதுத் தங்கம் வேண்டாம் என்று நீ சொன்னது சரி. உலகத்தில் காற்றில் கலக்கும் பாதரசத்தில், மனிதர்களால் வருவதில், மிகப் பெரிய பங்கு சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்துதான். தங்கத் துகளைப் பாதரசத்தில் ஒட்டவைத்துப் பிறகு பாதரசத்தைச் சூட்டில் ஆவியாக்கிவிடுவார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பவர்களில் குழந்தைகளும் உண்டு. இப்படிப் பல வழிகளில் கலக்கும் பாதரசத்தைக் குறைக்கத்தான் மினமாட்டா என்ற உலக நாடுகளின் உடன்படிக்கை 2013இல் போடப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்தது. என் பழைய வளையல்களை உருக்கி இரண்டு பேருக்கும் மோதிரம் செய்துகொள்ளுங்கள். வைரம் வேண்டாம் என்பது என் கருத்து. 2003 முதல் இருக்கிற கிம்பர்லி சான்றிதழைக் காட்டுவார்கள். கிளர்ச்சிப் படைகள் விற்றுப் போருக்குப் பணம் திரட்டும் வைரத்தை மட்டும்தான் அது பார்க்கிறது, சுரங்கத்தில் வேலை செய்பவரின் கூலியைப் பார்ப்பதில்லை. ஆய்வகத்தில் வளர்க்கும் வைரமோ மின்சாரத்தைக் குடிக்கும், அந்த மின்சாரம் எதிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும்.

துணிக்கு நான் அதிகம் பேசப்போவதில்லை. மறுபடி உடுத்தக்கூடியதாக எடு, இல்லையென்றால் என்னுடையதை உன் அளவுக்குப் பிடித்துக்கொள். பட்டுதான் வேண்டுமென்றால் கூட்டுப்புழு உள்ளே இருக்கும்போதே அவிப்பார்கள் என்பது தெரிந்து எடு.

அலங்காரத்தில் பூ போதும், அந்தந்தப் பருவத்தில் பக்கத்தில் பூப்பது. பூவைச் செருகி வைக்கும் பச்சை நுரைக்கட்டி வேண்டாம் என்று பூக்காரரிடம் சொல்லிவிடு. அது பிளாஸ்டிக், கையில் பொடிந்து தண்ணீரோடு போய்விடும். பளபளப்புத் தூளும் அப்படித்தான். பலூன் பறக்கவிடுவதை அடித்திருக்கிறாய், நல்லது. ஆனால் பறக்கும் காகித விளக்கு இன்னும் பட்டியலில் இருக்கிறது. 2020 புத்தாண்டு இரவில் ஜெர்மனியின் கிரேஃபெல்ட் மிருகக்காட்சிசாலையில் குரங்குக் கூடமே எரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட விலங்குகள் செத்தது இந்த விளக்கால்தான்.

இன்னொன்று. ‘உணவை வீணாக்காதீர்’, ‘பூமியைக் காப்போம்’ என்று மண்டபத்தில் பலகை வைக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம்டி. வாழ்த்த வருகிறவர்களுக்குப் பாடம் எடுக்காதே. சாப்பாட்டை அளவாகப் போட்டால் அவர்களாகவே வீணாக்க மாட்டார்கள். கடன் வாங்கி எதையும் செய்யாதீர்கள். அன்பளிப்பு வேண்டாம் என்றால் நேராக அழைப்பிதழிலேயே சொல்லிவிடுங்கள். சக்கர நாற்காலியில் வரும் பெரியவர் ஏறும் சாய்தளம் மண்டபத்தில் இருக்கிறதா என்று மாப்பிள்ளையை நேரில் போய்ப் பார்க்கச் சொல்.

அப்பா பெயர்ப்பட்டியலில் நாற்பது பேரைச் சேர்க்கச் சொல்கிறார். அதில் பாதிப் பேரை அவர் பார்த்தே பத்து வருடம் இருக்கும். அவர்கள் வீட்டுக்குக் கல்யாணத்துக்குப் பிறகு நீங்கள் இரண்டு பேரும் போய் ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் அவர் சமாதானம் ஆகிவிடுவார் என்று நினைக்கிறேன். சரியென்று நீ சொன்னால் இன்றைக்கு ராத்திரியே பேசிவிடுகிறேன். சமையல்காரரிடம் பேசப் போகும் தேதியைச் சொல், நானும் கூட வருகிறேன்.

அன்புடன்,
அம்மா